ஒயிட் மவுண்டன் தேசிய வனத்துக்கு முதல் பயணம்: திட்டமிடுவதிலிருந்து திரும்பி வருவது வரை முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடபகுதியிலும் மெயின் மாநிலத்தின் மேற்கு ஓரத்திலும் ஒயிட் மவுண்டன் தேசிய வனம் பரவியிருக்கிறது. பாஸ்டனிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அதன் வாசலை அடைந்துவிடலாம். இவ்வளவு அருகில் இருப்பதாலேயே பலர் ஆயத்தம் எதுவுமின்றிக் கிளம்பிவிடுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அழகான ஒரு படத்தைப் பார்த்து முதலில் இடத்தை முடிவு செய்துகொண்டு, பிறகு மாதத்தையும் நேரத்தையும் குழந்தைகளின் கால்களையும் அந்த இடத்துக்கு ஏற்ப வளைக்கப் பார்க்கிறார்கள். மலையில் அது நடக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் நிலம், மாதம், நடை நேரம், தங்குமிடம் ஆகியவற்றை முதலில் தீர்த்துவிட்டு, போகும் இடத்தை ஐந்தாவது படியில்தான் தேர்ந்தெடுக்கிறோம். குழந்தைகளுடனோ ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருடனோ முதன்முறையாக இரண்டு நாள் பயணம் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காகித வரைபடம் ஒன்று அவசியம். வனத்தின் பெரும்பகுதியில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. குளிரில் பேட்டரியும் விரைவில் தீர்ந்துவிடும். அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் என்னும் மலையேறுவோர் சங்கம் வெளியிடும் வரைபடங்களில் ஒவ்வொரு பாதையின் பெயரும் தெளிவாக இருக்கும். இவற்றுடன் கைபேசியிலும் அந்தப் பகுதியின் வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை நோட்டுகளாக இருபது டாலர் வரை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் முதல் படியில் வருகிறது.

பயணத்துக்கு வராத ஒருவரிடம், எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்பி அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் எத்தனை மணிக்கு அவர் அவசர உதவி எண்ணான 911-ஐத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் உங்களைத் தேடத் தொடங்க வேறு எவருக்கும் காரணம் இருக்காது.

1. நிலம் யாருடையது என்று பிரித்தறியுங்கள்

வரைபடத்தில் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தாலும், அங்கே பல உரிமையாளர்கள் இருக்கிறார்கள். தேசிய வனத்தை மத்திய அரசின் வேளாண் துறையைச் சேர்ந்த வனச் சேவை நிர்வகிக்கிறது. ஃபிரான்கோனியா நாட்ச், கிராஃபோர்ட் நாட்ச் ஆகிய இரண்டும் (நாட்ச் என்றால் மலைக்கணவாய்) நியூ ஹாம்ப்ஷயரின் மாநிலப் பூங்காக்கள். மவுண்ட் வாஷிங்டனின் உச்சியில் ஒரு மாநிலப் பூங்கா இருக்கிறது. அந்த உச்சிக்கு ஏறும் கார் சாலையும் பல்சக்கர ரயிலும் தனியாருடையவை.

இந்த வேறுபாடு கட்டணத்தில் உடனே தெரிந்துவிடும். தேசியப் பூங்காக்களுக்கும் மத்திய அரசு நிலங்களுக்கும் வாங்கிய ஆண்டு அனுமதி அட்டை, வனத்தில் கட்டணம் வசூலிக்கும் இடங்களில் செல்லும். அதே அட்டையை ஃபிரான்கோனியா நாட்சில் உள்ள ஃபுளூம் பள்ளத்தாக்கு வாசலில் நீட்டினால் செல்லாது. அங்கே தனிச்சீட்டு வாங்க வேண்டும். கூட்டம் மிகுந்த நாட்களில் நேரம் குறித்து இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

வனத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. குறிப்பிட்ட சில வண்டி நிறுத்துமிடங்களில் மட்டும் நாள் கட்டணம் உண்டு. அங்கே ஊழியர் எவரும் நிற்பதில்லை. அறிவிப்புப் பலகை அருகே உள்ள உறையில் பணத்தைப் போட்டு, உறையை இரும்புக் குழாய்க்குள் செருகிவிட்டு, கிழித்தெடுத்த துண்டுச் சீட்டை வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் தெரியும்படி வைக்க வேண்டும். அந்தக் குழாய் மீதிச் சில்லறை தராது. இணையத்தில் செலுத்தலாம் என்றால் பல இடங்களில் சிக்னல் இருக்காது. சில்லறை நோட்டுகள் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

2. மாதத்தைத் தீர்மானியுங்கள்

முதல் பயணத்துக்கு ஜூலை நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற மாதங்கள் கெட்டவை என்பதால் இதைச் சொல்லவில்லை. அவை ஒவ்வொன்றும் தனிப் பழக்கத்தைக் கேட்கின்றன.

ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரத்தில் வசந்தம் வந்திருக்கும், ஆனால் உயரத்தில் பனி இறுகிக் கிடக்கும். பலர் நடந்து நடந்து அமுங்கிய பனி பாதையின் நடுவில் ஒற்றை வரப்பாக எஞ்சியிருக்க, அதிலிருந்து வழுக்கினால் இருபுறமும் இடுப்பளவு மென்பனியில் கால் இறங்கிவிடும். பனி இல்லாத இடங்களில் சேறு. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடிய, கடித்தால் ரத்தம் வரும் சிறிய கரும் ஈக்கள் கூட்டமாக மொய்க்கும். குழந்தைகள் இதைத் தாங்கமாட்டார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பாதைகள் காய்ந்திருக்கும், ஆனால் பிற்பகலில் இடிமழை வரக்கூடும். செப்டம்பரில் கூட்டமும் பூச்சியும் குறைந்து, வானம் தெளிந்திருக்கும். என்னைக் கேட்டால் குடும்பத்துடன் போக அதுவே முதல் தேர்வு. பள்ளி தொடங்கிவிட்டதே என்று தயங்குகிறவர்கள் வார இறுதி ஒன்றை ஒதுக்கினாலே போதும்.

செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இலைகள் நிறம் மாறும். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டி வரும் நீண்ட வார இறுதியில், லிங்கன், கான்வே ஊர்களை இணைக்கும் கான்காமகஸ் நெடுஞ்சாலை முழுவதும் வண்டிகள் ஊர்ந்து செல்லும். இலை நிறத்துக்காகவே போகிறீர்கள் என்றால் வார நாட்களில் போங்கள். அந்த மாத நடுவில் சூரியன் மாலை ஆறு மணிக்கே மறைந்துவிடுகிறது என்பதையும், நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தை மாற்றியபின் நாலரை மணி அளவிலேயே மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை செருப்படியில் மாட்டும் இரும்பு முட்கள், பனிக்காலணிகள், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணை என எல்லாம் தேவை. முதல் பயணத்தைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. நடை நேரத்தைக் கணக்கிடுங்கள்

மைல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான் மிகவும் பரவலான பிழை. தினமும் மாலையில் சமதளத்தில் மூன்று மைல் நடக்கிறவர், மலையிலும் மூன்று மைல் எளிது என்று எண்ணிவிடுகிறார். இங்குள்ள பாதைகள் வளைந்து வளைந்து மெல்ல ஏறுவதில்லை. பல பாதைகள் சரிவின் மீது நேராக, வேரும் உருண்டைக் கல்லும் நிறைந்த வழியாக மேலே போகின்றன.

கணக்கு இதுதான்: ஒரு மைலுக்கு 30 நிமிடம், ஏறும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் மேலும் 30 நிமிடம். இரண்டையும் கூட்டினால் நிற்காமல் நடப்பதற்கான நேரம் கிடைக்கும். குழந்தைகளும் பழக்கமில்லாத பெரியவர்களும் இருந்தால் அந்த நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள்.

மவுண்ட் வில்லார்டை எடுத்துக்கொள்வோம். போய்வர 3.2 மைல், ஏற்றம் சுமார் 900 அடி. கணக்குப்படி இரண்டு மணி நேரம். குடும்பத்துடன் மூன்று மணி நேரம். வெல்ச்–டிக்கி சுற்றுப்பாதை 4.4 மைல், ஏற்றம் சுமார் 1,800 அடி. கணக்கில் மூன்று மணி நேரம், நடைமுறையில் நாலரைக்கு மேல். ஃபிரான்கோனியா முகட்டுச் சுற்று ஏறத்தாழ 9 மைல், ஏற்றம் சுமார் 3,900 அடி. கணக்கு ஆறரை மணி நேரம் காட்டும், பழக்கமில்லாதவர்களுக்குப் பத்து மணி நேரம் ஆகும். அக்டோபரில் மொத்தப் பகல் பொழுதே பதினொரு மணி நேரம்தான் என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

இறங்கும்போது வேகமாக வந்துவிடலாம் என்று நேரத்தைக் குறைத்துப் போடாதீர்கள். ஏறும்போது மூச்சு தடுக்கும்; இறங்கும்போது முட்டி தடுக்கும். வழுவழுப்பான கருங்கல் சரிவுகளில் முதியவர்கள் ஏறியதைவிட மெதுவாகத்தான் இறங்குவார்கள்.

கிடைத்த நேரத்திலிருந்து திரும்பும் மணியை வீட்டிலேயே குறித்துவிடுங்கள். உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் அந்த மணிக்குத் திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று இதை முடிவு செய்யப் பார்த்தால் எவருக்கும் திரும்ப மனம் வராது. அதனால்தான் முன்பே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

4. தங்குமிடத்தைப் பிடியுங்கள்

மேற்கே லிங்கன், கிழக்கே கான்வே மற்றும் நார்த் கான்வே: இந்த ஊர்களில் ஒன்றைத் தளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரான்கோனியா பக்கம் போவதென்றால் லிங்கன். அருவிகள், பிங்கம் நாட்ச் பக்கம் என்றால் நார்த் கான்வே. இரண்டு நாளில் இரண்டு பக்கமும் பார்க்க ஆசைப்பட்டுத் தினமும் மலையைக் கடந்து ஓட்டுகிறவர்கள் பாதி நாளைச் சாலையிலேயே கழிக்கிறார்கள்.

கூடாரமடித்துத் தங்குவதானால் கான்காமகஸ் சாலையோரம் வனச் சேவையின் முகாம்கள் ஆறு இருக்கின்றன. லிங்கனிலிருந்து வரும் வரிசையில் ஹான்காக், பிக் ராக், பாசகானவே, ஜிக்கர் ஜான்சன், பிளாக்பெரி கிராசிங், கவர்ட் பிரிட்ஜ். எல்லா முகாம்களிலும் முன்பதிவு முறை ஒன்றாக இருப்பதில்லை. முன்பதிவு செய்யக்கூடியவற்றை ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். முதலில் வருகிறவருக்கே இடம் என்னும் முகாம்களில் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குமுன் போய்ச் சேர்ந்தால்தான் நம்பிக்கை வைக்கலாம். மின்சார இணைப்பை எதிர்பார்க்காதீர்கள். கழிவறைகள் பெரும்பாலும் குழிக் கழிவறைகள். உடன் வரும் பெரியவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்தபின் தெரிந்தால் மனச்சங்கடம்தான் மிஞ்சும்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாதீர்கள். சான்றிதழ் இல்லாத விறகை வேறு மாநிலத்திலிருந்து நியூ ஹாம்ப்ஷயருக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. விறகுக்குள் ஒளிந்து வரும் மரகதப் பச்சை வண்டு, ஆஷ் (ash) என்னும் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது. முகாமிலோ அருகிலுள்ள கடையிலோ வாங்கிக்கொள்ளலாம்.

வனத்தின் உட்பகுதியில் பல இடங்களில் கூடாரமடிக்க அனுமதி உண்டு என்றாலும் விதிவிலக்குகள் பல. மரங்கள் எட்டடிக்கும் குட்டையாகிவிடும் உயரத்தில் கோடையில் கூடாரம் அடிக்கவே கூடாது. மலைக் குடில்களையும் தங்கல் கொட்டகைகளையும் சுற்றிலும் தடைப்பகுதிகள் இருக்கின்றன. முதல் முறை முகாமிலேயே தங்குங்கள்.

5. இப்போது இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

முதல் நாளை எளிய இடங்களுக்கும் இரண்டாம் நாள் காலையை ஒரே ஒரு மலைநடைக்கும் ஒதுக்குவதுதான் என் பரிந்துரை. முதல் நாளில் யாருடைய கால் எப்படி என்பது தெரிந்துவிடும். அதைப் பார்த்து இரண்டாம் நாள் நடையைச் சுருக்கவும் கூட்டவும் முடியும்.

முதல் நாள்: கான்காமகஸ் நெடுஞ்சாலை

லிங்கனையும் கான்வேயையும் இணைக்கும் இந்தச் சாலையின் நீளம் 34.5 மைல். வழியில் பெட்ரோல் நிலையமோ உணவகமோ கிடையாது. ஆகவே இரண்டு ஊர்களில் ஒன்றில் பெட்ரோல் நிரப்பி, சாப்பாடும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

கான்வே பக்கமிருந்து, காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கூட்டம் முதலில் நிறையும் ஆற்றங்கரை இடங்கள் எல்லாம் இந்த முனைக்கு அருகில் இருக்கின்றன. மேலும் ஸ்விஃப்ட் ஆறு சாலையின் வடபுறம் ஓடுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டும்போது அது வலப்பக்கம் வருவதால், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் நிறுத்துமிடத்துக்குள் நுழையலாம்.

கான்வேயிலிருந்து சுமார் 6 மைலில் ஆல்பனி கூரைப் பாலம். அதன் மறுகரையில் போல்டர் லூப் என்னும் மூன்று மைல் சுற்றுப்பாதை தொடங்குகிறது. நடுத்தரக் கடினம், மேலே பாறை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். குழந்தைகளின் கையை அந்த விளிம்பில் விடாதீர்கள். பாலம் வண்டிகளுக்கு மூடப்பட்டிருந்தால் அறிவிப்பைப் பார்த்துச் சுற்றுவழியில் போக வேண்டும்.

7 மைலில் லோயர் ஃபால்ஸ். பாறைகளுக்கிடையே ஆறு படிப்படியாக இறங்கும் இந்த இடத்தில் கோடையில் மக்கள் குளிக்கிறார்கள். பதினொரு மணிக்குமேல் நிறுத்துமிடம் நிறைந்துவிடும்.

9 மைலில் ராக்கி கார்ஜ். ஆறு ஒடுங்கிய கருங்கல் இடுக்கில் பாயும் இடம். இங்கே நீரில் இறங்கத் தடை. நடைப்பாலத்தைத் தாண்டினால் ஃபால்ஸ் பாண்ட் என்னும் குளத்தைச் சுற்றி எளிய பாதை இருக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து இளைப்பாற ஏற்றது.

15 மைலில், சாலையின் இடப்பக்கம் சாபடே ஃபால்ஸ். சரளைக்கல் பரப்பிய பாதையில் அரை மைலுக்கும் குறைவாக நடந்தால் அருவி. மர நடைமேடையும் கைப்பிடியும் இருப்பதால் மெதுவாக நடப்பவர்களும் போகலாம். இங்கேயும் குளிக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள், கழிவறை இருக்கிறது.

அதற்குப்பின் சாலை 2,855 அடி உயரத்திலுள்ள கணவாயை நோக்கி ஏறும். கணவாயைத் தாண்டி லிங்கன் பக்கம் இறங்கும்போது கொண்டையூசி வளைவில் ஹான்காக் காட்சிமுனை. வளைவுக்குள் வண்டியை மெதுவாக்கிக் கைபேசியில் படமெடுக்கும் பழக்கம் இங்கே விபத்துக்கு வழிவகுக்கிறது. நிறுத்துமிடத்துக்குள் போய் இறங்கிப் பாருங்கள்.

லிங்கனுக்கு 5 மைல் முன்பு லிங்கன் வுட்ஸ். பழைய மரரயில் தடத்தின்மேல் போடப்பட்ட பாதை என்பதால் அகலமாகவும் ஏறக்குறையச் சமமாகவும் இருக்கும். மாலையில் நேரம் எஞ்சியிருந்தால், எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு போய் அதே வழியில் திரும்பலாம்.

இரண்டாம் நாள்: ஒரே ஒரு நடை

மலையேறிப் பழக்கமே இல்லாத குழு என்றால் மவுண்ட் வில்லார்ட். பாதை கிராஃபோர்ட் நாட்சில், பழைய ரயில் நிலையக் கட்டடத்தின் அருகே தொடங்குகிறது. உழைப்புக்கும் கிடைக்கும் காட்சிக்கும் உள்ள விகிதத்தில் இதற்கு இணையான இன்னொரு பாதையை இந்தப் பகுதியில் என்னால் சொல்ல முடியாது. பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். உச்சிப் பாறைக்கு வேலி கிடையாது.

அதிகம் நடக்க முடியாதவர்கள் உடனிருந்தால் நார்த் கான்வே அருகிலுள்ள டயானாஸ் பாத்ஸ் அருவிப் படிகளைத் தேர்ந்தெடுங்கள்; 0.6 மைல் அகலமான சமபாதை. பிங்கம் நாட்ச் அருகிலுள்ள கிளென் எல்லிஸ் அருவி 64 அடி உயரம். பாதை குறுகியதுதான், ஆனால் கற்படிகள் பல என்பதால் முட்டிவலி உள்ளவர்களுக்குச் சிரமம்.

கொஞ்சம் பழக்கமுள்ள குழுவுக்கு வெல்ச்–டிக்கி. இதை எந்தத் திசையில் சுற்றுகிறீர்கள் என்பது முக்கியம். வெல்ச் பக்கம் ஏறி, டிக்கி பக்கம் இறங்குங்கள். வெல்ச் பக்கத்துச் செங்குத்துக் கற்சரிவுகளில் கையையும் சேர்த்து ஏறுவது எளிது. அதே சரிவில் இறங்குவது அச்சம் தரும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் இந்தப் பாதையை விட்டுவிடுங்கள். ஈரக் கருங்கல்லில் எந்தக் காலணியும் பிடிக்காது.

சொக்கோருவா மலையின் உச்சி 3,490 அடி. கான்காமகஸ் சாலையிலிருந்து சாம்ப்னி ஃபால்ஸ் பாதை வழியாக ஒரு பக்கம் 3.8 மைல். பாதி வழியில் அருவி இருப்பதால், களைத்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பலாம் என்பது இதன் வசதி. கோடைக் கடைசியில் அருவியில் நீர் மெலிந்துவிடும்.

ஃபிரான்கோனியா முகட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் படங்களில் அதிகம் பார்த்துவிட்டு முதல் பயணத்திலேயே பலர் இங்குதான் வந்து நிற்கிறார்கள். லிட்டில் ஹேஸ்டாக்கிலிருந்து லிங்கன் மலை வழியாக லாஃபயெட் வரை சுமார் 1.7 மைல் தூரம் மரமே இல்லாத முகடு. அங்கே இடி விழுந்தாலும் காற்று வீசினாலும் ஒதுங்க இடமில்லை. முந்தைய மாதங்களில் நாலைந்து மணி நேர ஏற்ற நடைகளை முடித்த பெரியவர்கள் மட்டும் போகலாம். ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏறி, ஓல்ட் பிரைடில் பாதையில் இறங்க வேண்டும். முன்னது செங்குத்தானது, அருவிகளை ஒட்டி எப்போதும் ஈரமானது, அதில் இறங்குவது ஆபத்து. நிறுத்துமிடம் விடியற்காலையிலேயே நிறையும். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை விட்டால் இழுத்துச் சென்றுவிடுவார்கள்.

மவுண்ட் வாஷிங்டன் 6,288 அடி. ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் அதன் உச்சியில் மணிக்கு 74 மைலைத் தாண்டிய காற்று வீசுகிறது. முதல் பயணத்தில் அதை நடந்து ஏற முயலாதீர்கள். உச்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ரயிலும் கார் சாலையும் இருக்கின்றன. கோடையிலும் அங்கே குளிர் உடை வேண்டும்.

6. மூட்டை கட்டுங்கள்

பருத்தி உடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜீன்ஸும் பருத்தி டி-ஷர்ட்டும் வியர்வையிலும் மழையிலும் நனைந்தால் காய்வதில்லை. நனைந்த துணி உடல் சூட்டை உறிஞ்சி, கோடையிலும் நடுக்கத்தைக் கொண்டுவரும். ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் சுமார் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் குறைகிறது. காற்று வீசினால் குளிர் அதற்கும் மேல்.

மாநிலத்தின் ஹைக்சேஃப் திட்டம் பத்துப் பொருட்களைச் சொல்கிறது: வரைபடம், திசைகாட்டி, கதகதப்பான உடை, கூடுதல் உணவும் நீரும், நெற்றி விளக்கு, தீ மூட்டும் பொருள், முதலுதவிப் பொருட்கள், விசில், மழை உடை, பேனாக்கத்தி. இவற்றில் புதியவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் விளக்கைத்தான். கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு பாறையில் இறங்கினால், தாங்கிக்கொள்ள ஒரு கை குறைந்துவிடும். உதவிக்கு அழைக்க வேண்டிய பேட்டரியும் தீரும்.

உணவில் புளியோதரையும் சப்பாத்தியும் நன்றாகத் தாங்கும். தயிர்சாதத்தைக் கோடையில் வண்டியில் வைக்காதீர்கள், மதியத்துக்குள் புளித்துவிடும். நடையின்போது முழுச் சாப்பாட்டைவிட, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், முந்திரி போன்றவற்றை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொடுத்துவருவதே குழந்தைகளைச் சோர்வில்லாமல் நடத்தும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம்.

நியூ ஹாம்ப்ஷயரில், தன் அலட்சியத்தால் சிக்கிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை மாநிலம் கேட்க முடியும். ஹைக்சேஃப் அட்டையை முன்பே வாங்கியிருந்தால் அந்தச் செலவிலிருந்து விலக்கு உண்டு. தனிநபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர் என்ற விலையில் விற்கப்பட்டுவருகிறது. அப்பட்டமான துணிச்சலால் நேர்ந்ததற்கு அந்த அட்டை காப்பாகாது. அட்டைப் பணம் மீட்புப் பணிக்கே போகிறது என்பதால், தேவைப்படாது என்று தோன்றினாலும் வாங்குங்கள்.

7. முந்தைய இரவும் புறப்படும் காலையும்

கைபேசியில் ஊர்ப்பெயரைத் தட்டிப் பார்க்கும் வானிலை, பள்ளத்தாக்கின் வானிலை. மலைக்கு அது உதவாது. மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் உயர்ந்த சிகரங்களுக்கென்று தினமும் தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முந்தைய இரவும் மறுநாள் காலையும், சிக்னல் இருக்கும்போதே அதைப் படியுங்கள். இடி என்ற சொல் இருந்தால் மரவரம்புக்கு (மரங்கள் வளர்வது நின்றுவிடும் உயரத்துக்கு) மேலே போகும் திட்டத்தைக் கைவிட்டு, அருவிப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்காகத்தான் ஒவ்வொரு நாளுக்கும் மாற்று இடம் ஒன்றை முன்பே எழுதிவைக்க வேண்டும். நிறுத்துமிடம் நிறைந்திருந்தாலும் அதே மாற்று இடம் கைகொடுக்கும். நிறைந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மணி நேரத்தை இழப்பவர்கள், அந்த மணியைத் திரும்பும் நேரத்திலிருந்துதான் பிறகு திருடுகிறார்கள்.

இரவில் ஓட்ட நேர்ந்தால் வேகத்தைக் குறையுங்கள். மூஸ் என்னும் பெரிய மான் அந்தியிலும் விடியலிலும் சாலையைக் கடக்கும். கால்கள் நீளமாக இருப்பதால் அதன் கருத்த உடல் முகப்பு விளக்கின் ஒளிக்கு மேலே நிற்கும். மிக அருகில் வந்தபின்தான் தெரியும்.

8. பாதையில் நடக்கும்போது

குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்விட்டு, பிரிவுகளில் காத்திராமல் தொடர்ந்துவிடுவதால்தான் குடும்பங்கள் இரண்டாகப் பிரிகின்றன. பாதைகள் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் கூடியபிறகே அடுத்த அடி.

பாதையைக் காட்டும் வண்ணப் பட்டைகள் பெரும்பாலும் மஞ்சள். அப்பலாச்சியன் டிரெயில் என்னும் நெடுந்தூர நடைபாதையில் வெள்ளை. அடர்வனப் பாதுகாப்புப் பகுதிகளில் இந்தக் குறிகள் அரிது. மரவரம்புக்கு மேலே கற்குவியல்களைப் பார்த்து நடக்க வேண்டும். அங்கே பாறையில் மட்டும் கால் வையுங்கள். அவ்வுயரத்துச் செடிகள் விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் ஒரு மிதிக்குப்பின் மீண்டு வர அவற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

கரடியைப் பற்றிப் பயப்படுவதைவிட உணவைப் பற்றிக் கவனமாக இருங்கள். முகாமில் உணவு, எண்ணெய்ப் பாத்திரம், பற்பசை எல்லாம் பூட்டிய வண்டிக்குள் இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் பிஸ்கட் பொட்டலம்கூட வேண்டாம். மனித உணவின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அது கொல்லப்படும். நம் கவனக்குறைவுக்கு அந்த உயிர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பாத்திரத்தை ஓடையில் கழுவாதீர்கள். நீரிலிருந்து 200 அடி தள்ளிக் கழுவி, மிச்சத்தைக் குப்பைப் பையில் போட்டு எடுத்துவாருங்கள். பழத்தோலும் குப்பைதான்.

யாராவது அடிபட்டால் 911. அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும், அதையும் அனுப்புங்கள். மீட்புக் குழு நடந்துதான் வர வேண்டும், பல மணி நேரம் ஆகும். அதுவரை அடிபட்டவரைச் சூடாக வைத்திருக்கக் கூடுதல் உடை தேவை என்பதே ஆறாம் படியில் அதை வலியுறுத்தியதன் காரணம்.

9. நீரில் இறங்குமுன்

மலையாறு காலையில் கணுக்கால் அளவு ஓடியிருக்கும். மேலே பெய்த மழையால் மாலையில் முழங்காலைத் தாண்டும். உங்கள் தலைமேல் வெயில் அடிப்பது இதற்குச் சான்றாகாது. மழைக்கு மறுநாள் லோயர் ஃபால்ஸ் உட்பட எங்கேயும் குழந்தைகளை இறக்காதீர்கள். பாறைக்கு அடியில் சுழலும் நீர் மேலிருந்து பார்த்தால் அமைதியாகத் தெரியும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அது பிடித்துக்கொள்ளும்.

நீரோரப் பாறைகளில் கருத்துப் பளபளக்கும் இடங்களில் பாசி இருக்கிறது என்று பொருள். படமெடுக்கப் பின்னோக்கி நகர்கிறவர்கள் அங்கேதான் வழுக்குகிறார்கள். பாறையிலிருந்து குதிப்பதை மற்றவர்கள் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

10. திரும்பியபின் செய்ய வேண்டியவை

சிக்னல் வந்தவுடன், விவரம் கொடுத்துவிட்டு வந்தவரை முதலில் அழையுங்கள். இதை மறந்துவிட்டால், நீங்கள் உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இருட்டில் ஒரு குழு உங்களைத் தேடப் புறப்பட்டிருக்கும்.

அன்றிரவே எல்லோருடைய உடலிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்: காதுக்குப் பின், அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள். தாழ்வான புல்வெளிப் பாதைகளில் மான் உண்ணிகள் உண்டு. அவை லைம் நோயைப் பரப்பும். ஒட்டியிருந்தால் கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெயோ தீயோ வைக்காதீர்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ தோன்றினால், மலைக்குப் போன தேதியைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.